பிஸ்கட் டின் தேடிப் போனோம்

நம் பக்கத்துத் தோட்டங்களில் கோலசிலாங்கூருக்குப் போகாதவர் யாரும் இருக்க முடியாது. மீன் வாங்கப் போயிருப்போம், ஆஸ்பத்திரிக்குப் போயிருப்போம், ஏதாவது ஓர் ஆபிசில் பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கால் கடுக்க நின்றிருப்போம். பிள்ளைகள் அடம்பிடித்தால் மலை மேல் ஏறிக் குரங்கைக் காட்டிவிட்டு இறங்கியிருப்போம். நானும் அப்படித்தான். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, அதுவும் ஒரு பிஸ்கட் டின்னைத் தேடிப் போனபோதுதான் அந்த ஊரைக் கண் திறந்து பார்த்தேன். அந்தக் கதையைத்தான் வாசகர்களுக்குச் சொல்லப் போகிறேன்.

கடந்த பள்ளி விடுமுறையில் என் அக்காள் மகன் ஷா ஆலாமிலிருந்து வந்திருந்தான். காலையில் எழுந்ததும் கைத்தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு வேலி ஓரம், வாய்க்கால் ஓரம் என்று அலைந்தான்.

"என்னடா தொலைத்துவிட்டாய்?" என்று கேட்டேன்.

"தொலைக்கவில்லை சித்தி. யாராவது டின் ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று பார்க்கிறேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் தோட்டத்தில் ஒளித்து வைக்க என்ன இருக்கிறது? ஆனால் அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. உட்கார வைத்துக் கேட்டேன்.

உலகம் முழுதும் நடக்கும் ஒளிந்து பிடி

அந்த விளையாட்டுக்கு ஜியோகேஷிங் என்று பெயர். நாம் சின்ன வயதில் ஆளை ஒளித்து விளையாடினோம். இவர்கள் டின்னை ஒளிக்கிறார்கள். அது இருக்கும் இடத்தை எண்ணாகக் குறித்துவிடுகிறார்கள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு முன்பின் தெரியாத யாரோ ஒருவர் தேடி வருகிறார். டின்னுக்குள் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். வந்தவர் பெயரையும் தேதியையும் எழுத வேண்டும். உள்ளே இருக்கும் சின்னப் பொருள் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். எடுத்தால் அதற்குக் குறையாத இன்னொன்றை வைக்க வேண்டும். பிறகு இருந்த இடத்திலேயே டின்னை வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

வானத்தில் ஏறக்குறைய 20,000 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்காவின் துணைக்கோள்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் வானொலி அலையைப் பிடித்துத்தான் கைத்தொலைபேசி நாம் நிற்கும் இடத்தைச் சொல்கிறது. முதலில் இராணுவத்துக்குத்தான் சரியான கணக்குக் கிடைத்தது. பொதுமக்களுக்கு வேண்டுமென்றே 100 மீட்டர் வரை தவறாகக் காட்டும்படி செய்திருந்தார்கள். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தத் தடையை நீக்கினார்கள். மறுநாளே ஆரகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியைக் காட்டில் பாதி புதைத்து வைத்து, எண்ணை வெளியிட்டார். உள்ளே புத்தகம், ஒரு கவண், ஒரு டின் அவரை! மூன்றே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்றைக்கு உலகில் இப்படி ஒளிந்திருப்பவை 30 லட்சத்துக்கும் மேல் என்கிறார்கள்.

இது அடியோடு புதிதும் அல்ல. இங்கிலாந்தில் டார்ட்மூர் என்ற பொட்டல் காட்டில், ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி 1854ஆம் ஆண்டிலேயே ஒரு போத்தலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர்ச் சீட்டை அதில் போட்டுவிட்டுப் போவார்களாம். "நானும் இங்கே வந்தேன்" என்று எழுதிவைக்கும் ஆசை எல்லா மனிதருக்கும் இருக்கிறது போலும்.

ஆசிரியை புத்தி போகுமா? இதை வைத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கும் சரித்திரமும் சொல்லித் தரலாமே என்று தோன்றியது. அஞ்சடியில் ஏழு பிள்ளைகளைக் கூட்டினேன். பூமியின் மேல் ஒரு டிகிரி என்றால் நம் பக்கம் ஏறக்குறைய 111 கிலோமீட்டர். அதை 60 நிமிடமாகப் பிரித்தால் ஒரு நிமிடம் 1.85 கிலோமீட்டர். அந்த நிமிடத்தை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு 1.85 மீட்டர். "அப்படியென்றால் ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற அளவுதான் டீச்சர்!" என்றான் ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன். வகுப்பில் பின்னமும் தசமமும் வராமல் விழிப்பவன் அவன். இத்தனை பெரிய பூமியில் ஓர் ஆள் படுக்கும் இடத்தை எண்ணால் காட்டலாம் என்றதும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மலை மேலே ஐந்து டின்

ஒரு சனிக்கிழமை காலை வேனில் கிளம்பினோம். பையனின் பாட்டியும் உடன் வந்தார். "கடக்காத்து வாங்கி எத்தினி வருசமாச்சு" என்று ஏறி உட்கார்ந்துகொண்டார். அவர் எனக்குப் புதியவர் அல்ல. நான் பிறந்த தோட்டத்தில் எங்கள் லயத்திலேயே இருந்தவர். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

பெஸ்தாரி ஜெயாவிலிருந்து புறப்பட்டால் வழியெல்லாம் செம்பனை. 2007ஆம் ஆண்டுக்கு முன் இந்த ஊர் பத்தாங் பெர்ஜுந்தை. நம்மில் பாதிப் பேருக்கு இன்றும் அதே பெயர்தான் வாயில் வருகிறது. இங்கேதான் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. பெயர் தென்னமரமாக இருந்தாலும் மலாயாவில் வியாபாரத்துக்காக முதல் முதலில் செம்பனை நட்ட தோட்டம் அதுதான். ஆண்டு 1917. நடச் செய்தவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். 1905ஆம் ஆண்டில் மலாயாவுக்கு வந்து சிலாங்கூர் ஆற்றங்கரையில் ரந்தாவ் பஞ்சாங்கில் தோட்டம் போட்டவர். பிற்பாடு மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நாவலுக்கு 1930ஆம் ஆண்டில் பிரான்சின் பெரிய இலக்கியப் பரிசான கோன்கூர் பரிசு கிடைத்தது. குழி வெட்டிக் கன்று சுமந்தவர்கள் யார் என்று பிள்ளைகளைக் கேட்டேன். "நம்ம ஆளுங்கதான்" என்று கோரசாகச் சொன்னார்கள். "பேரு?" என்றேன். வேனில் சத்தம் இல்லை.

புக்கிட் மெலாவத்தி பெரிய மலை அல்ல, குன்றுதான். ஏறுவதற்கு டிராம் வண்டி இருக்கிறது. நாங்கள் நடந்தோம். அங்கே வேலை பார்ப்பவர்களிடம் முன்பே சொல்லி அனுமதி பெற்று, என் அக்காள் மகன் விடியற்காலையிலேயே போய் ஐந்து டின்களை வைத்துவிட்டு வந்திருந்தான். எதையும் தோண்டக் கூடாது, பழைய சின்னங்களில் எதையும் ஒட்டக் கூடாது, அரச கல்லறைப் பக்கம் டின்னே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். ஒவ்வொரு டின்னுக்கும் ஓர் எண், ஒரு விடுகதை.

முதல் விடுகதை: "பகலில் தூங்கும், இரவில் விழிக்கும், கடலுக்குப் போகாது, கப்பலைக் கூட்டி வரும்." கலங்கரை விளக்கம் என்று உடனே சொல்லிவிட்டார்கள். வடக்கு 3 டிகிரி 20 நிமிடம், கிழக்கு 101 டிகிரி 14 நிமிடம் என்ற கணக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். வெள்ளையடித்த அந்தக் கோபுரத்தை 1907ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கட்டினார்கள். ஆனால் அதன் பெயர் ஆல்டிங்ஸ்பர்க், அது டச்சுப் பெயர். எப்படி வந்தது?

அதற்கு இரண்டாவது டின்: "வாய் உண்டு, பேச்சில்லை, அன்று பேசினால் ஆற்று வாய் வரை கேட்டது." பீரங்கி. இந்தக் குன்று சுல்தான் இப்ராகிமின் கோட்டையாக இருந்தது. அவர் 1778 முதல் 1826 வரை ஆண்ட சிலாங்கூரின் இரண்டாவது சுல்தான். 1784ஆம் ஆண்டில் ரியாவின் ராஜா ஹாஜியோடு சேர்ந்து மலாக்காவில் இருந்த டச்சுக்காரர்களைத் தாக்கினார். ராஜா ஹாஜி அந்தப் போரில் மாண்டார். டச்சுக்காரர்கள் கப்பல்களோடு வந்து இந்தக் கோட்டையைப் பிடித்து, தங்கள் கவர்னர் ஜெனரல் ஆல்டிங்கின் பெயரை வைத்தார்கள். சுல்தான் பகாங்குக்குத் தப்பினார். மறு ஆண்டே, 1785ல், பகாங் பெண்டஹாராவின் உதவியோடு திரும்பி வந்து கோட்டையை மீட்டார். டச்சுக்காரர்கள் இருந்தது ஓராண்டுகூட நிறையவில்லை. அவர்கள் வைத்த பெயரோ இருநூறு வருடமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. "அப்ப பேரு வெச்சாதான் நிக்கும் போல" என்றார் அத்தை, தேத்தண்ணிப் போத்தலைத் திறந்துகொண்டே.

மூன்றாவது டின் விஷக் கிணற்றுக்கு அருகில். துரோகிகளைத் தண்டிக்க அதில் நஞ்சு கலந்த நீரை நிரப்பினார்கள் என்று சொல்கிறார்கள். பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்வாங்கினார்கள். சிலாங்கூரின் முதல் மூன்று சுல்தான்களும் அடங்கியிருக்கும் இடத்தை வெளியே நின்று, பேச்சைக் குறைத்து, பார்த்துவிட்டு நடந்தோம்.

நான்காவது டின்தான் எங்களைச் சோதித்துவிட்டது. எண் சரி, இடம் சரி, டின் இல்லை. மரத்தின் மேல் சத்தம். நிமிர்ந்து பார்த்தால் டின் குரங்கின் கையில்! இந்த மலையில் சாம்பல் நிற லோத்தோங் குரங்குகள் சாது. அவற்றின் குட்டிகள் பிறக்கும்போது ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், பார்க்க அழகு. ஆனால் வாலை ஆட்டிக்கொண்டு வரும் மற்றக் குரங்குகள் சண்டைக்காரர்கள். குரங்கு டின்னைத் தூக்கும்படி அதில் என்ன இருந்தது? விசாரித்ததில் என் அக்காள் மகனே ஒப்புக்கொண்டான். பிள்ளைகளுக்குப் பரிசாக முறுக்கு வைத்தானாம். டின்னில் தின்பண்டம் வைக்கக் கூடாது என்பது இந்த விளையாட்டின் முதல் சட்டங்களில் ஒன்று. சட்டம் எதற்கு என்று நான் விளக்கத் தேவையில்லாமல் போயிற்று.

ஐந்தாவது டின் மலையின் கீழே, பழைய கடை வீதியில். தெரிந்த ஒரு கடைக்காரரிடம் கொடுத்து வைத்திருந்தோம். போருக்கு முந்திய கடை வீடுகள், கீழே வியாபாரம், மேலே குடும்பம், முன்னால் காக்கி லீமா. சம்பளம் போட்ட மறுநாள் என் அப்பா என்னை இங்கேதான் கூட்டி வருவார். தோட்டத்து லோரி வரிசையாக நிற்கும். ஒரு தேத்தண்ணி, ஒரு வடை, பள்ளிச் சப்பாத்து. பிள்ளைகளுக்கு அந்தச் சன்னல்களையும் ஓட்டையும் காட்டி, எந்த வீடு பழையது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அத்தை என் அக்காள் மகனின் தோளைத் தொட்டார்.

"தம்பி, இந்த மிசின்ல எங்க லயத்தெயும் காட்டுமா?"

"எண் இருந்தால் காட்டும் பாட்டி."

"இருக்கே! ரெண்டாம் லயம், நாலாம் வீடு."

பச்சைக்குள்ளே ஒரு வாசல்

அந்தத் தோட்டத்தின் பெயரை நான் எழுதவில்லை. புக்கிட் ரோத்தானைத் தாண்டி உள்ளே போக வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கித்தா இருந்த காலத்தில் இரண்டு லயம், இருபது வீடு எங்கள் பக்கம் மட்டும். கித்தாவை வெட்டிச் செம்பனை போட்டார்கள். பிறகு ஆள் குறைத்தார்கள். இருபத்தைந்து வருடத்துக்கு முன் லயத்தை இடித்தார்கள். வீடு தருகிறோம் என்று ஒரு பேச்சு இருந்தது, பேச்சாகவே போயிற்று. எல்லோரும் தாமான் வீட்டுக்கும் வாடகை வீட்டுக்கும் சிதறிப் போனோம்.

மறு வாரம் போனோம். கைத்தொலைபேசியின் படத்தில் அந்த இடம் வெறும் பச்சை. தோட்டம் என்றுகூட எழுத்து இல்லை. வாசலில் இருந்த நேப்பாளத்துக் காவலாளி யாருக்கோ போன் செய்து கேட்டுவிட்டு, அரை மணி நேரம் கொடுத்தார்.

கோயில் மட்டும் இருந்தது. அரச மரமும் இருந்தது. அத்தை செருப்பைக் கழற்றினார். மரத்துக்கு முதுகைக் காட்டி நின்று, சூரியன் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். பிறகு செம்பனை மட்டைகளை விலக்கிக்கொண்டு நடந்தார். கொஞ்ச தூரத்தில் காலால் தட்டினார். மண்ணுக்கு அடியில் சிமெண்டு. லயத்துக்கு முன்னால் ஓடிய சாக்கடைக் கால்வாய்!

"ஒரு வீட்டுக்கு ஏழு எட்டு" என்று சொல்லி, கால்வாய் ஓரமாகவே எண்ணிக்கொண்டு போனார். இருபத்தெட்டில் நின்றார். பேரன் அங்கே மண்ணைக் கிளறினான். வாசல் படி இருந்தது, ஒரு மூலை உடைந்து. அத்தை அதில் உட்கார்ந்துகொண்டார். பேரன் கைத்தொலைபேசியைப் பார்த்து எண்ணைச் சத்தமாகப் படித்தான்; நான் எழுதினேன். படிக்கும்போது ஒரு தசமப் புள்ளியைக்கூட அவன் தவறவிடவில்லை.

பிறகு அத்தை எழுந்து இன்னும் மூன்று வீடு நடந்தார்.

"இதான் பாப்பா ஒங்க வாசல். இங்கதான் ஒக்காந்து படிப்பே. பத்து மணிக்கு டைனமோ நின்னுரும். ஒங்கம்மா சிம்னி வெளக்கக் கொளுத்துவா."

அது எனக்கும் நினைவிருந்தது. அப்போது ஆறாம் ஆண்டில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு; 2021ஆம் ஆண்டில் அதை நிறுத்திவிட்டார்கள். தேர்வுக்கு முன் பல மாதம் அந்தச் சிம்னி விளக்கின் முன்தான் உட்கார்ந்திருந்தேன். அம்மா சிக்கனமாக இருந்து எப்படியோ மண்ணெண்ணெய் வாங்கினார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"ஒங்கப்பன் சம்பளம் கடைக் கணக்குக்கே பத்தாது. எண்ணெ ஏது? லயத்துல ஆளுக்கு ஒரு வாரம்னு ஊத்துனோம். ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு ஒங்கம்மா எங்கிட்டச் சத்தியம் வாங்கிக்கிட்டா. கடன்னு தெரிஞ்சா புள்ளைக்குப் படிப்பு ஏறாதுன்னா."

அம்மா போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. சத்தியம் காத்தது போதும் என்று அத்தை நினைத்தாரோ என்னவோ.

நான் ஒன்றும் பேசவில்லை. நாலாம் வீட்டு மாமா, அத்தையின் கணவர், இறந்தபோது நான் பயிற்சிக் கல்லூரியில் இருந்தேன். செய்தி வந்தது. ஒரு நாள் விடுப்புக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். 'பக்கத்து வீடுதானே, சொந்தமா என்ன' என்று இருந்துவிட்டேன். அத்தை அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்த வாசலில் நின்றபோது நானே சொன்னேன். "அது கெடக்கு, நீ படிச்சிக்கிட்டு இருந்தே" என்றார்.

நோட்டுப் புத்தகம்

அன்று ஒரு பிஸ்கட் டின்னும் நோட்டுப் புத்தகமும் கொண்டு போயிருந்தோம். மண்ணில் புதைக்கவில்லை. கோயில் பூசாரியிடம் கேட்டு, மடைப்பள்ளி அலமாரியில் ஒரு மூலை வாங்கினோம். அத்தை சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதினார்கள். முதல் லயம் ஒன்றாம் வீடு, தண்டல். இரண்டாம் வீடு, பிள்ளைக் கொட்டகை ஆயா. ஐந்தாம் வீடு, தீமிதிக்குப் பூங்கரகம் எடுத்தவர். ஒவ்வொரு வீட்டுக்கும் பெயர், எத்தனை பிள்ளைகள், இப்போது எங்கே. இருபது வீட்டில் பதினெட்டு வந்தது. முதல் லயம் ஒன்பதாம் வீடும் இரண்டாம் லயம் பத்தாம் வீடும் அத்தைக்கு நினைவு வரவில்லை. அந்த இரண்டு வரியையும் காலியாக விட்டோம். டின்னுக்குள் பேரன் ஒரு பென்சிலையும், மண்ணில் கிடைத்த பழைய பால் மங்கு ஒன்றையும் வைத்தான்.

வாசகர்களே, இது பணம் செலவாகும் காரியம் அல்ல. உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் கைத்தொலைபேசி இருக்கும். வரைபடத்தைத் திறந்து, நிற்கும் இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண் வரும். அதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்; கருவி கெட்டாலும் தாள் இருக்கும். லயம், பள்ளிக்கூடம், பிரட்டுக் களம், கிணறு, கோயில் எல்லாவற்றுக்கும் குறியுங்கள். பக்கத்தில் யார் இருந்தார்கள் என்றும் எழுதுங்கள். எண் மட்டும் இருந்தால் அது யாருக்கும் ஒன்றும் சொல்லாது. அடுத்தவர் நிலம் என்றால் கேட்டுவிட்டுப் போங்கள். செம்பனைக் காட்டில் பாம்பு இருக்கும். பகலில், சப்பாத்து போட்டு, கூட்டமாகப் போங்கள். முக்கியமாக ஒரு பெரியவரைக் கூட்டிப் போங்கள். எங்களுக்கு வழி காட்டியது துணைக்கோள் அல்ல, அத்தையின் கால்தான். அந்தக் கால்கள் இன்னும் எத்தனை வருடம் நடக்கும் என்று யாருக்குத் தெரியும்?

சென்ற மாதம் பூசாரி போன் செய்தார். காராக்கிலிருந்து ஒரு குடும்பம் கோயிலுக்கு வந்ததாம். டின்னைப் பார்த்துவிட்டு நோட்டைக் கேட்டார்களாம். போய்ப் பார்த்தேன். முதல் லயம் ஒன்பதாம் வீட்டுக்கு எதிரே, நடுங்கிய கையெழுத்தில் ஒரு பெயரும் நான்கு பிள்ளைகளின் பெயரும் இருந்தன. பால் மங்கு இல்லை. அதற்குப் பதிலாக, கைப்பிடி தேய்ந்த ஒரு பால்வெட்டு உளி இருந்தது.

இரண்டாம் லயம் பத்தாம் வீடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.